இரைச்சல் போன விதம்

நவம்பர் 9, ஞாயிறு
விடியற்காலையிலிருந்து மழை. வேலை: புது அம்பிளிபயர் (அம்ப்) பூட்டுதல். பாட்டுப் பிளேயர் என் படிப்பறையில், அம்ப் முன் ஹோலில். இடையில் ஒன்பது மீற்றர் கேபிள். இரண்டு பெட்டியின் பின்பக்கமும் இரண்டு வகை இணைப்பு இருக்கிறது, பாலன்ஸ்ட், அன்பாலன்ஸ்ட். செங்கலடியிலிருந்து சிவா மச்சான் வந்திருந்தார். என் மனைவி கௌரியின் அண்ணன், கத்தாரில் பத்து வருடம் சவுண்ட் வேலை. இவ்வளவு நீளத்துக்குப் பாலன்ஸ்ட்தான், மற்றது இரைச்சல் பிடிக்கும் என்கிறார். அது மேடைக்காரருக்கு, வீட்டுக்கு எதற்கு என்று நான். பதினெட்டு வருடமாகப் பௌதிகவியல் படிப்பிக்கிறவனுக்கே பாடம். அதுவும் மனைவி முன்னால்.

நவம்பர் 10, திங்கள்
பள்ளி விட்டதும் காத்தான்குடிக் கடைத்தெரு. அன்பாலன்ஸ்ட் வாங்கினேன். கடைக்காரரும் மற்றதைத்தான் எடுத்து நீட்டினார். எல்லோரும் ஒரே கட்சி.

பூட்டினால் பாட்டுக்கு அடியில் ம்ம்ம். பாட்டை நிறுத்தினாலும் ம்ம்ம். காரணம் தெரியாமல் இல்லை. இரண்டு பெட்டிக்கும் தனித்தனி எர்த், கேபிளின் வெளிவலை, அதாவது உள்கம்பியைச் சுற்றிய கம்பிப் பின்னல், இரண்டையும் சேர்த்து ஒரு வளையமாக்கிவிடுகிறது. பாலன்ஸ்டில் பாட்டுக்கென்று இரண்டு கம்பி, இரண்டிலும் ஒரே அளவு ஏறும் இரைச்சல் தானே கழிந்துவிடும். அதாவது சிவா மச்சான் (இனி சி.ம.) சொன்னது சரி. எழுதவே கை கூசுகிறது. சனிக்கிழமை அவர் சாப்பிட வருகிறார்.

நவம்பர் 11, செவ்வாய்
கௌரி கோயிலுக்குப் போன நேரம் அம்பின் பிளக்கைத் திறந்தேன். எர்த் கம்பியைக் கழற்றி, நுனிக்கு டேப் சுற்றி, மூடியாயிற்று. ம்ம்ம் போய்விட்டது. துப்புரவாக.

வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தால் பூச்சியம்தான். ஆனால் ஆபத்தில்லை. கேபிளின் வெளிவலை வழியே பிளேயரின் எர்த் அம்புக்கும் வருகிறது. தற்காலிகம்தானே.

நவம்பர் 13, வியாழன்
பின்னேரம் இடி. அம்பைத் துடைக்கும்போது கை சுள்ளென்றதாம், கௌரி சொன்னாள். மழை விட்ட பிறகு நானே வெறுங்காலோடு நின்று இரண்டு கையாலும் தொட்டேன். ஒன்றுமில்லை. மனப்பயம் என்று சொல்லிவிட்டேன்.

வாங்க வேண்டியவை: வகுப்புக்குச் சோக், சாம்பிராணி, குடைக்குக் கம்பி.

நவம்பர் 14, வெள்ளி
இன்றும் இடி. திருத்தத் தவணைப் பரீட்சைத் தாள் நாற்பத்திரண்டு. எர்த்தைத் திரும்பப் பூட்டலாம். பூட்டினால் ம்ம்ம். நாளை ஒரு நாள் போகட்டும்.

நவம்பர் 15, சனி
நண்டுக் கறி. சி.ம. கண்ணை மூடிப் பத்து நிமிடம் கேட்டார். இரைச்சல் இல்லை. தான்தான் பிழையாம். "நானும் வீட்ட இதையே போடுறன் மச்சான்." கௌரிக்கு முகமெல்லாம் பெருமை. நான் குனிந்து நண்டை உடைத்தேன்.

மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு இடி. கௌரி எழுந்துபோய்ப் படிப்பறை ஜன்னலோரத்துப் பிளக்குகளைப் பிடுங்கினாள். இடி முழங்கினால் எப்போதும் செய்வதுதான். அம்பின் பிளக் அலுமாரிக்குப் பின்னால், அவளுக்கு எட்டாது. அப்போதுதான் உறைத்தது. பிளேயரின் பிளக் இல்லாவிட்டால் அம்புக்கு எர்த்தே இல்லை. வியாழனும் இதுதான். நான் தொட்டபோது அவள் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டியிருக்கிறாள்.

மகள் அனு முற்றத்தில் நனைந்துவிட்டு ஈரக் காலோடு அம்பைத் தாண்டி ஓடி வந்தாள். தொடாதே என்று கத்தினேன். ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"எர்த் வயரைக் கழட்டினது நான்தான்" என்றேன்.

சி.ம. எழுந்தார். ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அலுமாரிக்குப் பின்னால் போனார். என்னைத் திட்டியிருந்தாலாவது தேவலை.

கௌரிதான், மெதுவாக: "நேத்துப் புள்ளையும் சொன்னவள், கை கடிக்குது எண்டு. நீங்க சொன்னதத்தான் நானும் சொன்னன். மனப்பயம் எண்டு."

நவம்பர் 16, ஞாயிறு
தூறல். சி.ம. பாலன்ஸ்ட் கேபிளோடு வந்து தானே பூட்டிவிட்டுப் போனார். தேநீர் கூடக் குடிக்கவில்லை. எர்த்தும் இருக்கிறது, ம்ம்மும் இல்லை.

அம்பை இனித் தொடலாமா என்று அனு கேட்டாள். ஓம், தொடலாம் என்றேன்.

போய் அம்மாவிடம் கேட்டாள்.