ஓநாய் விழுங்காத கடவுள்

ஆகஸ்ட் 12, 2004, வியாழன். சாங்வி.

நார்ஸ் என்ற வட ஐரோப்பியப் புராணத்தை வைத்துச் செய்யும் வீடியோ கேமுக்கு நான் எழுதிய முடிவை மேனேஜர் இன்று அடித்துவிட்டார். அதில் வரும் ஒற்றைக்கண் கடவுளுக்குத் தான் சாகப்போவது முதல் காட்சியிலேயே தெரியும். தெரிந்தேதான் தன்னை விழுங்கப்போகும் ஓநாயோடு சண்டைக்குப் போகிறார். அந்தக் கதைக்கு உயிரே அதுதான்.

"சாமி எங்கயாச்சும் சாகுமாங்க? ஜெயிக்க வெச்சுருங்க," என்றார்.

கோயம்புத்தூர்க்காரர். வருஷா வருஷம் லீவு போட்டுக் குலசாமிக்குக் கிடா வெட்டப் போகிறவர். திருடர்களிடமிருந்து ஊர் மாடுகளைக் காக்கப் போய் வெட்டுப்பட்டுச் செத்தவர்தான் அந்தச் சாமி என்று போன மாதம் கண் கலங்க என்னிடம் சொன்னவரும் இவரே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதை அவரிடமே கேட்டிருக்க வேண்டும். "சரிங்க சார்" என்றேன். ஆறு மணிக்குள் ஓநாயைக் கொன்று கடவுளைப் பிழைக்க வைத்துவிட்டேன். அவர் அன்று தந்த குலசாமி திருநீறு கீபோர்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.