உங்கள் பலகையில் எங்கள் வடிவு அக்கா

தாராவி
ஜூலை 6, ஞாயிறு

அன்புள்ள சாருலதா அக்காவுக்கு,

கோகிலவாணி வணக்கத்துடன் எழுதுவது. நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எங்கள் பக்கத்துத் தவறையும் மறைக்க மாட்டேன். படித்து முடித்தபிறகு நீங்கள் என்மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை.

தாளில் எழுதுவதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். எங்கள் சந்துப் பலகைக்கும் உங்கள் இணைய அரங்கத்துக்கும் இருந்த இணைப்பை உங்கள் அட்மின்கள் துண்டித்துவிட்டார்கள். இங்கிருந்து எது எழுதினாலும் அங்கே வராது. உங்கள் ஈமெயிலும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே கதவு மாட்டுங்காவில் உங்கள் அம்மா ஸ்மிதா ஆன்ட்டியின் வீட்டுக் கதவுதான். அவர்களிடம் கொடுத்தால் போட்டோ எடுத்து ஜெர்மனிக்கு அனுப்பிவிடுவார்கள். போன தடவை நீங்கள் தரச் சொன்ன புத்தகத்தை வாங்கப் போனபோது எனக்கு ரவா தோசை சுட்டுத் தந்தார்கள். உங்களுடைய பத்தாம் வகுப்பு போட்டோவையும் காட்டினார்கள்.

எங்கள் பலகை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சரியாகச் சொன்னதே இல்லை. படிப்பகத்து மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. ரிப்பேர் கடை மாரிசெல்வம் அண்ணனிடம் பழுது பார்க்க வந்து யாரும் திரும்ப வாங்காமல் போனதை அவர்தான் சரிசெய்து வைத்தார். எங்கள் சந்தில் இருப்பவர்கள் போனில் பார்க்கலாம், எழுதலாம். தமிழ் பேசுகிற நிறையப் பேருக்கு எழுத வராது என்பதால் அவர்கள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்வேன். யார் எழுதினாலும் பெயர், அப்பா பெயர், வீட்டு நம்பர் மூன்றும் இருக்க வேண்டும். இது எங்கள் சந்துக்கே மூத்தவரான பார்வதி பெரியம்மா போட்ட சட்டம். மூஞ்சி தெரியாதவ சொல்லுதத எவ நம்புவா என்று கேட்பார்கள். உங்கள் அரங்கத்தில் மழைக்கிளி, ரயில்பூச்சி, பழையசோறு என்றெல்லாம் பெயர் இருப்பதைக் கேட்டு, பெத்தவ இவனை என்னன்னுட்டி சாப்பிடக் கூப்பிடுவா என்று சிரித்தார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருத்தர்மேல் குறை எழுதினால் அது அவரைக் கூப்பிடுவதற்காகத்தான். பெரியம்மாவும் இன்னும் இரண்டு பேரும் போய் அழைப்பார்கள். இரண்டு பக்கமும் படிப்பகத்தில் எதிரெதிரே உட்காருவார்கள். டீ வரும். சண்டை வரும். தப்பு செய்தவர் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்பார். அன்றைக்கே எழுத்தை அழித்துவிடுவோம். குழாயடிச் சண்டையிலிருந்து சீட்டுப் பணம் வரைக்கும் இப்படித்தான் முடிந்திருக்கிறது.

என் அக்கா சண்முகவடிவு தையல் கார்கானாவில் வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே துணி வெட்டுகிற மாஸ்டர், அளவு பார்க்கிறேன் என்று சொல்லிப் பெண்கள்மேல் கை வைப்பவர். மேல்மாடிக்கு வெளிப்புற இரும்பு ஏணி வழியாகத்தான் ஏற வேண்டும். அங்கே பண்டல் எடுத்துவரத் தனியாக யாரையாவது அனுப்புவார், பின்னாலேயே ஏறுவார். புதிதாக வந்த ஒரு பெண் அழுதுகொண்டே இறங்கி வந்த அன்று, அக்கா பலகையில் எழுதச் சொன்னாள். அவள் சொன்னதை நான்தான் தட்டச்சு செய்தேன். யாரும் தனியாக மேல்மாடிக்குப் போக வேண்டாம், மாஸ்டரை உட்கார வைத்துப் பேச வேண்டும், இவ்வளவுதான். கீழே சண்முகவடிவு, தகப்பனார் கோமதிநாயகம், வீட்டு நம்பர். சட்டப்படி எல்லாம் போட்டேன்.

இணைப்பு இருந்ததால் அது உங்கள் அரங்கத்துக்கும் வந்துவிட்டது. அப்படி வரும் என்று தெரியும். என் புத்தகக் கட்டுரைகள் அப்படி வந்துதானே நீங்கள் படித்தீர்கள். ஆனால் அங்கே அது வேறொன்றாக ஆகிவிடும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மழைக்கிளி அதைத் துணிச்சலான குரல் என்று எழுதினார். நூற்றுக்கணக்கான பேர் கைதட்டினார்கள். அரங்கத்தின் உச்சியில் நகராமல் நிறுத்தி வைத்தீர்கள். அக்காவிடம் காட்டினேன். நான் என்ன ஊருக்கா சொன்னேன், நம்ம சந்துக்குத்தானட்டி சொன்னேன் என்றாள்.

கார்கானாவுக்கு ஆர்டர் கொடுக்கிற கம்பெனிக்காரர் ஒருவரும் உங்கள் அரங்கத்தில் இருக்கிறாராம். அவர் ஆர்டரை நிறுத்திவிட்டார். மறுநாள் பெரியம்மா பேசக் கூப்பிட்டபோது கார்கானா முதலாளி சேட் வரவில்லை. அதற்குப் பதில் இரண்டு ஆட்களுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். தேட வேண்டிய அவசியமே இல்லை, வீட்டு நம்பர்தான் எழுதியிருந்ததே. அப்பா லுங்கியோடு வாசலை மறித்து நின்றார். கதவு எரிஞ்சா நம்பர் எங்கே ஒட்டுவே என்று சேட் இந்தியில் கேட்டுவிட்டுப் போனார். மிஷின்கள் எல்லாம் சும்மா கிடக்கின்றன. அக்கா யாருக்காக எழுதினாளோ அந்தப் பெண்களே, உன்னாலே எங்க சோத்துலயும் மண்ணு என்று திட்டுகிறார்கள்.

அன்று சாயங்காலமே நாங்கள் அழித்துவிட்டோம். இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும் என்று நினைத்தோம். அழியவில்லை. எழுதியது உண்மையாக இருந்தால் எங்கள் அரங்கத்தில் அழிப்பதில்லை என்று பதில் வந்தது. முன்பு ஒரு பெரிய மனிதர் மிரட்டி உங்களை ஒரு பதிவை அழிக்க வைத்தார், அதிலிருந்துதான் இந்தச் சட்டம் என்று நீங்கள் ஒருமுறை சொல்லியிருக்கிறீர்கள். அது நல்ல சட்டம்தான் அக்கா. அதைப் படித்தபோது நானும் கைதட்டினேன்.

அப்புறம்தான் பெரியம்மா கோபத்தில் சொன்னதை நான் தட்டச்சு செய்தேன். அழிக்க மாட்டேன்னு சொல்லுத நீ யாரு, உன் பேரு என்ன, உன் வீடு எது, நேர்ல வாரோம், மாட்டுங்காதானே, நடந்தே வந்துருவோம். நான் புத்தகம் வாங்கப் போவது மாட்டுங்காவுக்கு என்பது மட்டும் பெரியம்மாவுக்குத் தெரியும். எங்களிடம் பெயர் சொல்லாததுதான் குற்றம். உங்களிடம் பெயர் கேட்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய குற்றம் என்று பெரியம்மாவுக்குத் தெரியாது. உங்கள் அட்மின்கள் அதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டு இணைப்பைத் துண்டித்தார்கள். எங்கள் குரல் போய்விட்டது. அக்காவின் பெயர் மட்டும் அங்கேயே நிற்கிறது.

நீங்களும் அட்மின்களில் ஒருவர். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். முழுவதும் முடியாவிட்டால் வீட்டு நம்பரையாவது எடுங்கள்.

என்றும் அன்புடன்,
கோ. கோகிலவாணி

*

தாராவி
ஆகஸ்ட் 22, வெள்ளி

அன்புள்ள சாருலதா அக்காவுக்கு,

நலமா? உங்கள் பதில் ஸ்மிதா ஆன்ட்டி வழியாக வந்தது. எனக்காக அங்கே வாதாடினீர்கள் என்று தெரிந்து அழுகை வந்துவிட்டது. நீங்கள் ஒருவர் மட்டும் முடிவெடுக்க முடியாது, எல்லாரும் வாக்களிக்க வேண்டும் என்பதும் புரிகிறது. எழுதியவரே எடுக்கச் சொன்னால் வாக்கெடுப்பு இல்லாமலே எடுக்கலாம், ஆனால் கேட்பது அவர்தான் என்று தெரிய அடையாள அட்டையின் போட்டோ வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதை அக்காவிடம் சொன்னேன். யார் பெயரையும் கேட்கக்கூடாத இடத்தில் அவளிடம் மட்டும் ஆதார் கேட்பது எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் விளக்கத் தெரியவில்லை. இருக்கிற பேர எடுக்கச் சொன்னா போட்டோவும் கேக்காவளா என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வேறு கார்கானாக்களில் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. பெயர் சொன்னதும் போனை எடுத்துத் தேடுகிறார்கள். நீதானா அது என்று ஒருவர் மரியாதையாகவே கேட்டாராம். அப்புறம் ஆள் தேவைப்படவில்லை என்றாராம். அப்பா வேலைக்குப் போகாமல் சில நாள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, படிக்கிறேன். அரைப் பரீட்சை வரப்போகிறது.

வாக்கெடுப்பு முடிவதற்குள் இங்கே வேறொன்று நடந்துவிட்டது. கணபதித் திருவிழாவுக்கு ஆர்டர் வருகிற நேரம். சேட் ஒரு ஆளை அனுப்பினார். அக்கா எழுதியது பொய் என்று ஒரு வீடியோவில் சொல்லிவிட்டால், கம்பெனிக்காரர் ஆர்டர் தருவார், அக்காவுக்கும் வேலை உண்டு என்றார். கூட வேலை பார்த்த பெண்களே வந்து கையைப் பிடித்துக் கெஞ்சினார்கள். அவர்களில் அன்று அழுதுகொண்டே ஏணியில் இறங்கிய பெண்ணும் இருந்தாள்.

அக்காவுடன் நானும் போனேன். கார்கானாவில் டியூப்லைட்டுக்குக் கீழே நிற்க வைத்தார்கள். முகம் சரியாகத் தெரியவில்லை என்று அந்த மாஸ்டர்தான் வந்து அவளை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார், தோளைத் தொட்டு. அக்கா சொல்ல வேண்டியதைச் சொன்னாள். முதலில் பெயர், அப்புறம் அப்பா பெயர், அப்புறம் வீட்டு நம்பர். யாரும் கேட்கவில்லை. பலகைப் பழக்கத்தில் அவளே சொல்லிவிட்டாள்.

அந்த வீடியோவை உங்கள் அரங்கத்தில் யாரோ போட்டார்கள். இரண்டு பக்கமும் தெரிய வேண்டும் என்று அக்காவின் எழுத்துக்குக் கீழேயே ஒட்டினார்கள். வாக்கெடுப்பிலும் வைத்திருப்பது என்றே முடிவாயிற்று. துணிச்சலான குரல் என்று எழுதிய மழைக்கிளி, உண்மையான பெண்களின் குரலை இப்படிப்பட்டவர்கள்தான் கெடுக்கிறார்கள் என்று இப்போது எழுதியிருக்கிறார். எனக்கு மழைக்கிளியின் பெயர் தெரியாது. தெரிந்தால் நேரில் போய் எதிரே உட்கார்ந்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அந்த டியூப்லைட்டைப் பற்றிச் சொல்லுவேன்.

அக்கா திரும்பவும் அங்கேதான் வேலை செய்தாள், பத்து நாள்கூட இருக்காது. பிறகு மாஸ்டர் அவளை நிறுத்திவிட்டார். எங்கள் பலகையிலும் இப்போது யாரும் எழுதுவதில்லை. கடைசியாக வந்தது தண்ணீர் வருகிற நேரம் பற்றிய ஒரு வரி. அதிலும் பெயர் இல்லை. பெரியம்மா அதைப் பார்த்தார்கள். இன்னையோட கம்ப்யூட்டர நிறுத்திரு டே என்று மாரிசெல்வம் அண்ணனிடம் சொன்னார்கள். அண்ணன் இப்போது அதற்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். இன்னும் பொத்தானை அழுத்தவில்லை, மேலே இருக்கிற தூசியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

அக்கா, நான் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் அரங்கத்தில் உங்கள் உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. எனக்குப் புத்தகம் தருவதற்காக என்னிடம் மட்டும் சொன்னீர்கள். மாட்டுங்காவில் அந்த அட்மின் வீடு எது, உனக்குத் தெரியும்தானே, சொல்லுட்டி என்று பெரியம்மா என்னிடம் எத்தனையோ தடவை கேட்டார்கள். அப்பாவும் ஒரு நாள் கேட்டார். அவர் கேட்டபோது அவர் கையில் செருப்பு இருந்தது, போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார். அப்போதும் நான் சொல்லவில்லை. ஸ்மிதா ஆன்ட்டி வீட்டுக்குப் போகும்போது யாரும் பின்னால் வருகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் படியேறுகிறேன். உங்கள் பெயர் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. இனிமேலும் இருக்கும். இதற்குப் பதிலாக எதுவும் தர வேண்டும் என்று இல்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன்.

இன்னொரு செய்தி. கார்கானாவில் மாலதி என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். திருநெல்வேலியிலிருந்து வந்து மாதம்கூட ஆகவில்லை. என்னைவிட இரண்டு வயதுதான் கூட இருக்கும். அக்கா அவளைச் சந்து முனையில் நிறுத்தி, மேல்மாடிக்குத் தனியாப் போகாதே என்று சொன்னாள். அதற்கு மாலதி, நீங்கதானக்கா அது பொய்யின்னு சொன்னிய, வீடியோவ எனக்குக் காட்டினாவளே என்றாளாம். அன்றிலிருந்து அக்கா சாப்பிடுவதே இல்லை.

அதனால் நான் தினமும் சாயங்காலம் படிப்பகத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்கிறேன். கார்கானா எதிரேதான், இந்தக் கடிதத்தையும் இங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வேலை முடிந்து மாலதி வெளியே வந்ததும் கூடவே சேர்ந்து நடப்பேன். அவளுக்கு எதுவும் சொல்வதில்லை, படித்த கதைகளைச் சொல்வேன். அவளுக்குக் கதை பிடிக்கும்.

நீங்கள் அந்த ஊரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். படிப்பு நல்லபடியாக முடியட்டும். உங்கள் பெயருக்கு எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும். என் அக்காவின் பெயரையும் நீங்கள் ஒரு நாள் அங்கிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
கோகிலவாணி,
தகப்பனார் கோமதிநாயகம்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கப்போனேன். எதிரே எல்லாப் பெண்களும் வெளியே வந்து போய்விட்டார்கள். மாலதியின் செருப்பு மட்டும் ஏணிக்கடியில் கிடக்கிறது. நான் இப்போதே ஓடிப்போய் வடிவு அக்காவையும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கே போகிறேன். மேல்மாடியில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.