அகிலாவுக்குத் தண்ணீர் கொடுக்கும் முறை

நவ. 4, திங்கள்

தூறல். மலை தெரியவில்லை. எழுந்ததும் அகிலாவைத் திருப்பிப் படுக்க வைத்தேன். பிறகுதான் பல் தேய்த்தது, பால் வாங்கியது. அவளைத் தூக்கும்போது என் அடிவயிற்றில் அதே இழுப்பு. குடலிறக்கம், ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீங்க என்று சேலம் டாக்டர் சொல்லி மாதக்கணக்காகிறது. அதன் பிறகு கொஞ்ச காலம் வெயிட் தூக்கக் கூடாதாம். மகளுக்குப் பதினொரு வயது. தானாக உட்கார வராது, பேச்சில்லை, விழுங்குவதே சிரமம். என்னைத் தவிர யார் கையிலும் சாப்பிட்டதில்லை.

மற்றவர்களைப் பழக்க வேண்டும். தெரபிக்குத் தூக்கி இறக்க ஆட்டோ பாபு சரி என்றுவிட்டார். குளியல், ராத்திரி: இவர், ஷிப்ட் பார்த்து. பகல் சாப்பாடு: எதிர்வீட்டு செல்வி. களையெடுப்பு இல்லாத நாளெல்லாம் வருகிறேன் என்கிறாள்.

நவ. 5, செவ்வாய்

செல்வி முதல் நாள். கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். இருமல், பிறகு சத்தமே இல்லை. ஓடினேன். குழந்தை தலையை அண்ணாக்க வைத்துச் சொம்பிலிருந்து தூக்கி ஊற்றியிருக்கிறாள். உதடு நீலம். குப்புறச் சாய்த்துத் தட்டியதும் மூச்சு வந்தது.

"வாய் வச்சி எச்சி பண்ணா நல்லாவா இருக்கும்னு தூக்கி ஊத்தனேங்க்கா."

சொம்பை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தேன். அதையே திட்டாக எடுத்துக்கொண்டாள் போல. போய்விட்டாள்.

நாங்களும் அப்படித்தான் குடிக்கிறோம். சுத்தம், மரியாதை எல்லாம் அதுதானே.

நவ. 6, புதன்

வரவில்லை. எதிர்வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. வெண்டைக்காய் வாங்க மறந்தேன்.

இவர்: "யாருனா அகிலாவ தொட்டா போலீஸ் மாரி பாத்துக்கினு நிக்கிற. எவ வருவா? போய்க் கூப்டு."

கோபம். உண்மை என்பதால் ஜாஸ்தி.

சாயங்காலம் போனேன். "வேணாங்க்கா. எதுனா ஆயிட்டா என்னால தாங்க முடியாது." விளக்கிப் பார்த்தேன், தலையாட்டினாள், அவ்வளவுதான். கடைசியில் டம்ளரை அவள் கையிலேயே கொடுத்து, அண்ணாந்தபடி முழுங்கு, அப்புறம் குனிந்து முழுங்கு என்றேன். தெரபியில் என்னைச் செய்ய வைத்ததுதான்.

புரையேறிச் சிரித்தாள். "அட, கீழ பாத்தா சுளுவா எறங்குது."

நவ. 8, வெள்ளி

நல்ல வெயில். இரண்டு நாள் துணியும் காய்ந்தது. செல்வி வந்தாள். மோவாயைத் தாழ்த்தி, டம்ளரை உதட்டில் வைத்து, ஒரு மிடறு. காத்திருந்து அடுத்த மிடறு. நான் சுவரோரம்.

"அக்கா, நீங்க மூச்சு வுடுங்க. புள்ள வுட்டுக்கினுதான் இருக்குது."

அகிலாதான் முதலில் சிரித்தாள்.

நவ. 10, ஞாயிறு

"எங்க நாத்தனாரையும் பழக்கிட்டேங்க்கா. நடவு வந்தா நான் போவணும்ல? அது வரும். உக்கார வச்சி தண்ணி குடுத்தே வயித்த ரொப்பிட்டேன் அதுக்கு."

நான் இதைக் கேட்கவே இல்லை, செல்வியாகவே செய்திருக்கிறாள்.

மதியம் அவள் ஊட்டும்போது சமையல்கட்டிலேயே இருந்தேன். எட்டிப் பார்த்தது ஒரே ஒரு தடவை.

நாளை சேலத்துக்குப் போன் பண்ணி ஆபரேஷனுக்குத் தேதி வாங்குவேன். இவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு சாப்பாட்டு வேளையில் வீடியோ கால் பண்ண மாட்டேன்.