வெறும் கண்ணால் பார்க்கலாமாம்

அன்புள்ள அப்பா,

ஃபின்லாந்துல நான் நல்லா இருக்கேன். நீங்களும் அம்மாவும் சுகமா? உங்க கண் ஆபரேஷனுக்கு டாக்டர் தேதி சொன்னாரா?

ஒரு சந்தோஷ சமாச்சாரம்! ஜனவரியில நாலு நாள் லீவு கிடைச்சிருச்சு. என்னோட வேலை பார்க்கிற நர்ஸுங்களோட ரயில் ஏறி வடக்கே போறேன், வானத்துல பச்சையா ஆடுற துருவ ஒளியைப் பார்க்க! அதுக்குன்னு புது பூட்ஸ் வாங்கி, போட்டுப் பார்த்த அன்னிக்கே ஐஸ்ல வழுக்கி விழுந்தேன். இடது கையில சின்னக் கட்டுதான், பயப்படாதீங்க.

மார்கழியில ஷிஃப்டுக்குப் போட்டுட்டுப் போவீங்களே, அந்த மங்கி குல்லாவை அனுப்புங்க. இங்கேயும் குல்லா விக்குது, ஆனா எனக்கு அதுதான் வேணும். அதைத் துவைக்க வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லுங்க.

நம்ம வீட்டு கேட்டுக்கு நீங்க வெல்டிங் வச்சப்போ, "பார்க்காதே, கண்ணு போயிடும்"னு என் கண்ணைப் பொத்தினீங்க. கைலாசபுரம் ஃபேக்டரியில வெல்டரா முப்பத்து மூணு வருஷம் நீங்களும் கறுப்புக் கண்ணாடி வழியாத்தான் வெளிச்சத்தைப் பார்த்தீங்க. இந்தத் துருவ ஒளியை வெறும் கண்ணாலேயே பார்க்கலாமாம், அப்பா! ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீங்க. அடுத்த குளிருக்கு நீங்க என் பக்கத்துல நிக்கணும். நான் உங்க கண்ணைப் பொத்த மாட்டேன்.

டியூட்டிக்கு நேரமாச்சு, ஓடறேன்.

உங்க சுஜா