அப்பா பேரில் ஓடிய சந்தா

தி.நகர்,
புரட்டாசி வெள்ளி, அக்டோபர் பத்தாம் தேதி

அன்பு மகள் ஷண்முகப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் என் தையல் மிஷினும் நலம், முழங்கால் மட்டும் தனிக்கட்சி. கவுகாத்தியில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன், பொய்யானாலும் நலம் என்றே பதில் போடு. போனில் சொல்லாமல் ஏன் காகிதம் என்பாய். அப்பா பேச்சை எடுத்தாலே நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், காகிதம் பேசி முடிக்கிற வரை விடாது. ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து, பொறுத்துக்கொள்.

விஷயம் அந்த டிவி சந்தா. உங்க அப்பா நகைக்கடை வேலையை விட்ட பிறகு மத்தியானத்தில் பார்க்கட்டும் என்று நீதானே போட்டுக் கொடுத்தாய். அவர் பேர், அவர் போன் நம்பர், பணம் மட்டும் என் பேங்கிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும். அவர் போனபிறகும் போய்க்கொண்டே இருந்தது. பார்க்க ஆளில்லையே என்று ஆடி மாதம் நிறுத்தப் போனேன். பக்கத்துப் போர்ஷன் அஸ்மத்துன்னிசாவுக்கு இங்கிலீஷ் தெரியும், அவள்தான் துணை. நிறுத்து என்று அமுக்கினால், அப்பா நம்பருக்கு ஒரு எண் வரும் அதைப் போடு என்கிறது. பேச ஆளில்லாத போனுக்கு எதற்கு என்று நான் ரீசார்ஜ் பண்ணாமல் விட்டதில் அந்த நம்பரும் போய்ச் சேர்ந்துவிட்டது. கம்பெனிக்குப் பேசினால் ஒரு பெண், கணக்கு யார் பேர்ல இருக்கோ அவர்தான் பேசணும் மேடம் என்றாள். அவர் இறந்துட்டாரும்மா என்றேன். சாரி மேடம், அவரே லைன்ல வந்தாத்தான் கேன்சல் ஆகும் என்றாள். நீயே கூப்பிட்டுப் பாரு தாயி, எனக்கு வரல, உனக்காவது வர்றாரான்னு பார்ப்போம் என்றேன். போனை வைத்த பிறகுதான் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்று பட்டது, பாவம், சம்பளத்துக்குப் பேசுகிற பிள்ளை.

உன் மாமா பாலகணேஷ், விட்டுத் தொலைக்கா, ரெண்டு பிரியாணி காசு என்றான். காசு இல்லடா, செத்தவர் பேரைச் சொல்லி எடுக்குறானே அதுதான் என்றேன். பிறகு அஸ்மத்துதான் 1915 என்கிற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போட்டுக் கொடுத்தாள். தமிழிலேயே பேசினார்கள். சேரும்போது ஒரு நிமிஷத்தில் சேர்த்தவன் விலகும்போது இழுத்தடிக்கக் கூடாதும்மா, நீங்க நிறுத்தச் சொன்ன பிறகு எடுத்ததைத் திருப்பிக் கேளுங்க, பேங்கிலும் எழுதிக் கொடுத்து நிறுத்துங்க, வாயால பேசாம எழுத்தில் வைங்க, புகார் நம்பரைத் தொலைக்காதீங்க என்றார் அந்த அம்மா. அப்பாவின் இறப்புச் சான்றிதழைப் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினோம். விலகக் காரணம் என்ன என்று ஒரு பட்டியல் கேட்டது, விலை அதிகம், நேரமில்லை, பிடித்த படம் இல்லை. நம் காரணம் அதில் இல்லை. மற்றவை என்று தொட்டோம்.

பதினொரு நாளில் பதில் வந்தது. இரண்டு மாதப் பணம் திரும்பியது, நடப்பு மாதத்துக்குக் கட்டியது மட்டும் இருபத்தாறாம் தேதி வரை ஓடும், அதுவரை பார்ப்பது நம் உரிமை. நிஜந்தானா என்று டிவியைப் போட்டோம். அதில் ஆளுக்கொரு கட்டம், யார் எதுவரை பார்த்தார் என்று அது காட்டும்; அப்பா பேர் போட்ட கட்டத்துக்குள் போனோம். அந்தக் குதிரைச் சண்டை சீரியலில் முப்பத்துநாலாம் பாகம் பாதியில்தான் அன்றைக்கு அப்பா, நிறுத்துடி, நெஞ்சு என்னமோ பண்ணுது என்றார். அதோடு ஆஸ்பத்திரி. இப்போது அறுபத்தொன்று என்று நின்றது. அல்லாவே, யாரோ திருட்டுத்தனமா பார்க்குறாங்கக்கா, இதையும் புகார்ல சேர்ப்போம் என்று அஸ்மத் போனை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பாஸ்வேர்டு தெரிந்தவள் இன்னும் ஒருத்திதானே உண்டு.

பதினாறாம் நாள் முடிந்த கையோடு நீ கிளம்பியபோது, என் மகளுக்கு அழக்கூட லீவு கிடைக்கல என்று சொந்தக்காரர்களைச் சிரிக்க வைத்தேன். நீ சிரிக்கவில்லை. கேலி பண்ணினால் கனம் குறையும் என்று பழகிய வாய் இது, அந்தக் கனம் உன் தலையில் இறங்கியது தெரியாமல் போச்சு. அவர் விட்ட இடத்திலிருந்து நீ தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். அம்மாவை மன்னித்துக்கொள்ளடி.

மறுபடி சேரலாமாக்கா என்று அஸ்மத் கேட்டாள். வேண்டாம் என்றேன், நான் புதிதாகச் சேர்ந்தால் அது என் கணக்கு, அவருடையது ஆகாது. அந்தச் சீரியலில் இன்னும் எட்டுப் பாகம் பாக்கி. நேற்றிலிருந்து நானும் முப்பத்துநாலில் ஆரம்பித்திருக்கிறேன், என் கட்டத்தில்தான், அவருடையதைத் தொடவில்லை. யார் ராஜா யார் துரோகி என்றே பிடிபடவில்லை, எல்லாரும் தாடி. நீ அறுபத்தொன்றிலேயே நில், வந்து சேர்ந்துவிடுகிறேன். மிச்சத்தை நீ அங்கே, நான் இங்கே, போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு இருபத்தாறுக்குள் முடித்துவிடலாம். நான் வாயைத் திறக்கமாட்டேன். நீ அழுதால் கேலி செய்யமாட்டேன். நான் அழுதால் நீ தாராளமாகச் செய்துகொள்.

செந்தூர் முருகன் உனக்கு உடம்பில் தெம்பும் மனதில் நிம்மதியும் தரட்டும். உன் கணக்கிலிருந்து எதற்கெல்லாம் தானாகப் பணம் போகிறது என்று ஒருதரம் உட்கார்ந்து பார்த்துவிடு, எதிலும் சேரும் முன்னே விலகும் வழியைக் கேட்டுக்கொள். கடிதம் கிடைத்ததும் கூப்பிடு.

உன் அம்மா
பேச்சியம்மாள் பொன்ராஜ்