ஃபயர்வால் மாட்டிய அன்று உன் ஆபீஸில்

இன்று காலை கடையில் ஒரு புது ஃபயர்வால் பெட்டியைப் பிரித்தேன். பெரம்பலூரில் ஒரு பருத்தி மண்டி ஆபீஸுக்கு மாட்ட வேண்டியது. தெர்மாகோலை இழுத்ததும் உள்ளேயிருந்து அந்தப் புது பிளாஸ்டிக் வாசனை குப்பென்று வந்தது. அவ்வளவுதான், நீ பக்கத்தில் வந்து நின்றுவிட்டாய். "ஏண்டி, ஒட்டுன டேப்பு ஏற்கெனவே பிரிச்ச மாதிரி இல்ல?" அன்றைக்கும் இதைத்தான் கேட்டாய். உன் கண்ணெதிரே, உன் கத்தரிக்கோலால் நான் வெட்டிய டேப் அது.

சிரித்துவிட்டேன். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. போன ஆடியில் நெஞ்சு வலிக்கிறது என்று உன்னைக் காரில் திருச்சிக்குக் கொண்டுபோனார்களே, ஆஸ்பத்திரி வாசலைக்கூட நீ பார்க்கவில்லையாம். அதிலிருந்து எனக்கு இப்படித்தான் ஆகிறது. உன்னை நினைத்து முழுசாகச் சிரிக்க முடிவதில்லை.

உன் சந்தேக புத்தி எனக்குப் புதிதா என்ன? பாலிடெக்னிக் ஹாஸ்டலில் ஊறுகாய் பாட்டிலில் பேனாவால் கோடு கிழித்து வைத்தவள்தானே நீ. பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை யாராவது தானாக விட்டுக்கொடுத்தால் உட்காரமாட்டாய். "சும்மா எவளாவது குடுப்பாளா? சீட்டுல என்னமோ இருக்கு" என்று நின்றபடியே வருவாய். நானும் உன்னோடு நின்று தொலைய வேண்டும். படிப்பு முடிந்து நான் பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போட்டேன். நீ அரியலூரில் லாரிக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, ஜெயங்கொண்டம் ரோட்டில் பஞ்சர் கடை மாடியில் லாரி புக்கிங் ஆபீஸ் திறந்தாய். "லாரித் தொழில்ல எவனையும் நம்பக் கூடாதுடி, எனக்குன்னே செஞ்ச தொழில்" என்று பெருமை வேறு அடித்துக்கொண்டாய்.

சும்மா சொல்லக் கூடாது, ஆபீஸை நன்றாகத்தான் நடத்தினாய். கும்பகோணத்திலிருந்து, தஞ்சாவூரிலிருந்து கடைக்காரர்கள் சிமெண்ட் லோடுக்கு வாடகை கேட்டு ஃபோன் செய்வார்கள். நீ கணக்குப் போட்டு ஒரு வாடகை முடிவு செய்வாய். எந்த ஊர், யார் கடை, என்ன வாடகை என்று ஜெயசீலி அதை வெள்ளைப் போர்டில் எழுதுவாள். டிரைவர்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள். ஜெயசீலி வரதராஜன்பேட்டைப் பெண். அப்பா இல்லை, அம்மாவுக்கு முட்டிவலி, அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை வைக்க வேண்டும். அவளுடைய உருண்டை எழுத்தை டிரைவர்கள் வாசற்படியில் நின்றே படித்துவிடலாம் என்று நீயே என்னிடம் சொல்லியிருக்கிறாய்.

அப்புறம் லோடுகள் கைநழுவ ஆரம்பித்தன. நீ ஒரு வாடகை சொன்னால், கொஞ்ச நேரத்தில் எதிரே இருக்கிற லாரி புக்கிங் ஆபீஸ்காரர் அதே கடைக்காரரைக் கூப்பிட்டு அதைவிடக் கொஞ்சம் குறைத்துச் சொல்லிவிடுவார். ஒரு தடவை என்றால் தற்செயல். வாரக்கணக்கில் இப்படியே நடந்தது. வாடகை தெரிந்தது உனக்கும் ஜெயசீலிக்கும் மட்டும்தான். டிரைவர்கள் வருவதற்கு முன்பே விஷயம் எதிர் ஆபீஸுக்குப் போய்விடுகிறது. உனக்கு வேறு யார் மேல் சந்தேகம் வரும்?

உங்கள் ஆபீஸ் வழக்கம் எனக்குத் தெரியும். டீசல் குறைந்தால் டிரைவரைப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சூடம் கொளுத்தி சத்தியம் வாங்குவீர்கள். சத்தியம் பண்ணிவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது, அதற்கு மேல் யாரும் கேட்கக் கூடாது. ஜெயசீலிக்கு மட்டும் நீ யோசித்தாய். அவள் சாமி வேறு அல்லவா? "ஏலாக்குறிச்சிக்குப் போவோம். மாதா முன்னாடி மெழுகுவத்தி ஏத்தி, நான் சொல்லலன்னு சொல்லு. நான் விட்டுடறேன்" என்றாய். நியாயமாகத்தான் கேட்டதாக நினைத்தாய்.

அவள் வரமாட்டேன் என்றுவிட்டாள். "மாதாகிட்ட வேண்டிக்கத்தான் போவேன்க்கா. என்னைத் திருடி இல்லன்னு சொல்லச் சொல்லி அவங்களைக் கூப்பிட மாட்டேன். நம்புறதுன்னா இங்கயே நம்புங்க" என்றாளாம். உனக்கு அது போதும். மடியில் கனமிருக்கப் போய்த்தான் பயப்படுகிறாள் என்று முடிவு கட்டினாய். மறுநாள் முதல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, எனக்கு ஃபோன் போட்டாய்.

"அவ கம்ப்யூட்டர்லேர்ந்து எங்க என்ன போயிருக்குன்னு எனக்குத் தெரியணும். என்ன மாட்டுவியோ மாட்டு."

பழசைத் தோண்டிப் பார்க்க முடியாது, இனிமேல் நடப்பதைத்தான் பார்க்க முடியும் என்றேன். உனக்கு என் மேலேயே சந்தேகம் வந்தது. "நீ அவளுக்குப் பரிஞ்சு பேசறியா?" என்று கேட்டாயே! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஃபோனை வைத்திருக்க வேண்டும். ஆனாலும் அந்தப் பெண்ணை நினைத்துக் கிளம்பினேன். திருடி என்று பெயர் வாங்கியவளுக்கு அந்த ரோட்டில் எந்த ஆபீஸ் கதவு திறக்கும்? டீக்கடையில் ஒருத்தர் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் வரதராஜன்பேட்டை வரை போய்விடும்.

வந்து பார்த்தால் உன் ஆபீஸில் எல்லாவற்றின் மேலும் சிமெண்ட் தூசி. இன்டர்நெட் மோடத்தைத் துடைக்கவே ஒரு துணி ஆயிற்று. நீ நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வயரையும் "இது எங்க போவுது?" என்று கேட்டாய். வெளியிலிருந்து வருகிற லைனுக்கும் உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்களுக்கும் நடுவில் இந்தப் பெட்டி வாட்ச்மேன் மாதிரி உட்காரும், இதைத் தாண்டாமல் எதுவும் உள்ளே வராது, வெளியே போகாது என்று சொன்னேன். "வாட்ச்மேனை யார் பாத்துக்கறது?" என்றாய். திரையில் எல்லாம் தெரியும், நீயே பார்த்துக்கொள் என்றேன். அதற்குத்தான் முதல் தடவையாகத் தலையாட்டினாய்.

மோடத்தில் இருந்த வயரைப் பிடுங்கிப் பெட்டியில் சொருகினேன். பெட்டியிலிருந்து இன்னொரு வயர் உள்ளே. பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை முதல் வேலையாக மாற்றினேன். விளக்கு பச்சையானது. உன் கம்ப்யூட்டரில் நெட் வந்தது, ஜெயசீலி கம்ப்யூட்டரில் வந்தது. நீ உடனே உன் ஃபோனைப் பார்த்துக் கத்தினாய். "கேமரா போச்சு!"

அந்தக் கேமரா உன் செல்லப் பிள்ளை. வீட்டில் சமைத்துக்கொண்டே ஆபீஸைப் பார்க்கலாம் என்று ஜெயசீலி நாற்காலிக்கு நேரே, ஆணியடித்தாற்போல் மாட்டி வைத்திருந்தாய். அவள் கொட்டாவி விட்டால்கூட உனக்குத் தெரியும். வெளியிலிருந்து யாரும் உள்ளே வராமல் பெட்டி தடுத்துவிட்டது, அதனால்தான் உன் ஃபோனில் படம் வரவில்லை என்றேன். "கேமரா தெரியலன்னா இந்தப் பெட்டி எதுக்குடி எனக்கு?" என்று குதித்தாய். சரி என்று கேமராவுக்கு மட்டும் வழி திறந்துவிட்டு, அந்த வழியில் யார் வருகிறார்கள் என்று திரையில் வரி வரியாக ஓடவிட்டேன்.

ஜெயசீலி கம்ப்யூட்டர் பேசாமல் கிடந்தது. கேமரா வழியில் மட்டும் இரண்டு பேர் வந்திருந்தார்கள்.

"ஒண்ணு நீ. இன்னொண்ணு யாரு, உன் வீட்டுக்காரரா?"

"அவரு லோடோட மதுரை போயிருக்காரு. அவருக்கு இதெல்லாம் பாக்கத் தெரியாது."

"உன் ஃபோனை அணை."

அணைத்தாய். ஒரு வரி நின்றது. இன்னொரு வரி நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்த நிமிஷமே. நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து கேமராவைப் பார்த்தோம். நீ புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாய்.

அப்புறம்தான் ஜெயசீலி நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்த்தேன். கேமரா என் முகத்துக்கு நேரே. என் தலைக்குப் பின்னால் வெள்ளைப் போர்டு. உருண்டை உருண்டையாக வாடகை.

கேமரா பாஸ்வேர்டு என்ன என்று கேட்டேன். அதை உன் வீட்டுக்காரரிடம்கூட நீ சொன்னதில்லையாம். என் காதருகே வந்து கிசுகிசுத்தாய். கேட்டுவிட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கேமரா கம்பெனியிலிருந்து வரும்போதே அதில் இருக்கிற பாஸ்வேர்டு அது. மாட்டியவர் அந்த ரோட்டில் எல்லா ஆபீஸுக்கும் மாட்டியவர். எல்லாவற்றுக்கும் அதுதான். ஊரே அறிந்ததை நீ ஒருத்தி மட்டும் ரகசியமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாய்.

நீ எழுந்து போய்ப் போர்டைத் துடைத்தாய். கும்பகோணத்துக் கடைக்காரர் பெயரை எழுதி, எந்த லாரியும் ஓட முடியாத ஒரு அடிமாட்டு வாடகையை எழுதினாய். அந்தக் கடைக்காரர் அன்றைக்கு லோடே கேட்கவில்லை. நீ யாருக்கும் ஃபோன் செய்யவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. அணைத்த ஃபோனை மறுபடி போட்டுவிட்டு, கீழேயிருந்து வந்த டீயைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே கும்பகோணத்துக் கடைக்காரர் கூப்பிட்டார்.

"என்னம்மா நடக்குது அங்க? எதிர் ஆபீஸ்காரரு கூப்ட்டு, உங்களைவிடக் கம்மியா ஓட்டறேங்கறாரு. நான் லோடு இருக்குன்னு யார்கிட்டயும் சொல்லவே இல்லையே?"

அந்த வழியை அடைத்தேன். கேமராவின் விலாசம் எதிர் ஆபீஸுக்கு எப்படிக் கிடைத்தது என்று மட்டும் இன்றுவரை தெரியாது. கேமரா மாட்டியவர் சத்தியம் பண்ணத் தயார் என்றார். எனக்கு அவர் மேல் இன்னும் சந்தேகம்தான். பார், உன்னோடு பழகி எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நீ ஸ்டூலில் ஏறி அந்தக் கேமராவை உன் கையாலேயே கழற்றினாய். அப்படியே என்னை வண்டியில் உட்காரவைத்து வரதராஜன்பேட்டைக்கு ஓட்டினாய். வழியெல்லாம் முந்திரித் தோப்பு. ஜெயசீலி வீட்டு வாசலில் அவள் அம்மா நம்மைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். வாங்க என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. நமக்கு அது வேண்டும்தான்.

நீ நடந்ததை எல்லாம் சொன்னாய். "தப்பு என்னோடதுதான், நாளைக்கு வந்துடு" என்றும் சொன்னாய். நீ அப்படிச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. ஜெயசீலி வாசற்படியில் நின்றபடி கேட்டாள்.

"பெட்டி சொன்னதால நம்புறீங்களா, இல்ல என்னை நம்புறீங்களாக்கா? அந்தப் பெட்டி இல்லன்னா நான் இன்னிக்கும் திருடிதானே?"

நீ குனிந்து வண்டிச் சாவியைத் தேடினாய். வண்டியைத் திருப்பினோம். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அந்த வாரம் முழுக்கப் போர்டில் உன் கோழிக்கிறுக்கல்தான் இருந்ததாம். அப்புறம் ஒரு நாள் அவள் வந்துவிட்டதாக நீ ஃபோனில் சொன்னாய். என்ன பேசினீர்கள் என்று துருவினேன். "ஒண்ணும் பேசல, வேலைக்கு வந்தா, வேலை பாக்கறா" என்று வெட்டிவிட்டாய்.

போன வாரம் உன் வீட்டுக்காரர் கூப்பிட்டார். இப்போது ஆபீஸை அவரும் ஜெயசீலியும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். இன்டர்நெட் கம்பெனியை மாற்றியாகிவிட்டது, பெட்டியில் அதற்குத் தகுந்தபடி மாற்ற வேண்டும் என்றார். போனேன். உன் நாற்காலியில் உட்கார மனசு வரவில்லை, நின்றுகொண்டே நான் வைத்த பாஸ்வேர்டை அடித்தேன். தப்பு என்றது. மறுபடியும் அடித்தேன், மறுபடியும் தப்பு என்றது.

ஜெயசீலி போர்டை விட்டுவிட்டு வந்தாள். "அது மாத்தியாச்சு, பெரம்பலூர் அக்கா."

"எப்ப? என்கிட்ட அவ சொல்லவே இல்லையே?"

"நான் திரும்ப வேலைக்கு வந்த அன்னிக்கு. அக்கா என்னை உக்கார வச்சு, நீயே புதுசா ஒண்ணு போடுன்னாங்க. நான் அவங்களைப் பாத்தேன். அவங்க அந்தப் பக்கம் சுவத்தைப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டாங்க. எனக்கும் தெரிய வேணாம், உன்கிட்டயே இருக்கட்டும்னாங்க. கடைசி வரைக்கும் கேக்கல."

அடிப்பாவி! ஊறுகாய்க்குக் கோடு போட்டவளா நீ?

"சரி, என்ன பாஸ்வேர்டு, சொல்லு" என்றேன். அவள் கையைப் பிசைந்தாள்.

"யார் கேட்டாலும் சொல்லாதன்னாங்கக்கா. பெரம்பலூர்க்காரி கேட்டாலும்னாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க... கொஞ்சம் திரும்பிக்கறீங்களா?"

சுருக்கென்றது. பொறாமை என்றே சொல்கிறேன், உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? இத்தனை வருஷம் உன்னோடு இருந்தேன், உன் முதுகை ஒரு தடவைகூட எனக்கு இப்படிக் காட்டவில்லையே நீ. ஆனால் அவள் வாசலில் கேட்டதற்கு இதைவிட வேறு என்ன பதில் சொல்லியிருக்க முடியும் உன்னால்?

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பின்னால் அவள் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. எத்தனை எழுத்து என்று எண்ணக் காது தானாகப் போனது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன்.