மானியத்துக்கு ஒரு படம்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? முட்டி வலி தேவலையா? பயிர் மானியத்துக்கு இந்த வருஷம் புதுக் கெடுபிடி. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே வயலில் நிற்க வேண்டுமாம். அதிகாரி வந்து படம் எடுப்பார். பயிர் செய்வது நீ என்றாலும், நிலத்தை அப்பா என் பெயருக்கு எழுதி வைத்தது உனக்குத் தெரியாததா? வியாழக்கிழமை வருகிறேன். அவர் கேட்டால் கூலிக்கு வந்தவள் என்று சொல்லிவிடு. ஒரு வார்த்தைதானே. மானியம் வந்ததும் முதல் வேலை உனக்குப் புது மோட்டார்தான்.

உன் தம்பி

ஜூன் 12

தம்பிக்கு,

நீ கேட்டபடியே சொன்னேன். வாயைக் கொப்பளித்தும் கசப்பு போகவில்லை.

பளபளக்கும் காலணியோடு இறங்கினாய். "சார், பேன்ட்ல கொஞ்சம் சேறு பூசிக்குங்க, அப்பதான் விவசாயி மாதிரி தெரியும்" என்றார் அந்த அதிகாரி. நீ என்னைப் பார்த்தாய். வாய்க்காலில் இறங்கிச் சேறு அள்ளிவந்தவள் நான். "அம்மா, தள்ளி நில்லுங்க, படத்துல விழுறீங்க" என்று என்னை விரட்டினார். நீ மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். காலடியில் இளம்பயிர் நசுங்கியதைக்கூடப் பார்க்கவில்லை. பிறகு நான் ஆக்கியதை இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். "கூலிக்காரம்மாவுக்கு நல்ல கைப்பக்குவம்" என்றார். அதற்கும் சிரித்தாய்.

அருவருப்பாக இருந்தது தம்பி. உன்மேல் மட்டுமில்லை, சேறு அள்ளிய என் கைமேலும்தான்.

மோட்டார் உறுமுகிறதே தவிர தண்ணீர் ஏறவில்லை. சீக்கிரம் பார்.

அக்கா

செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. இன்னுமா கோபம்? மானியம் வந்துவிட்டது. வீட்டுக்காரி நச்சரிப்பு தாங்காமல் சமையலறைக்கு டைல்ஸ் போட்டோம். மோட்டார் அடுத்த தடவை கட்டாயம். ஒரு நல்ல சேதி: என் படத்தை இலாகாவே சுவரொட்டியாக அடித்திருக்கிறது, 'உழைக்கும் கரங்கள்' என்று. சோளம் முற்றியிருக்குமே, லாரி எப்போது அனுப்பட்டும்?

உன் தம்பி

செப்டம்பர் 27

தம்பிக்கு,

சுவரொட்டியைப் பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரரின் மாட்டுக் கொட்டகையில் ஒட்டியிருக்கிறது. மாடு பாதியை நக்கிவிட்டது.

இப்போது அவரிடம்தான் வேலை செய்கிறேன். கூலிக்காரி என்று ஆன பிறகு, கூலி கொடுக்கிற இடத்துக்குப் போவதுதானே முறை? சனிக்கிழமை தவறாமல் கொடுக்கிறார். சாப்பிடும்போது என்னையும் கூட உட்காரச் சொல்கிறார். நம் வீட்டில் எனக்கு அது கிடைத்ததில்லை.

குடம் குடமாக ஊற்றித்தான் உன் சோளத்தைக் காப்பாற்றினேன். பயிர் என்ன பாவம் செய்தது? கதிர் முற்றி நிற்கிறது. மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது, நனைந்தால் மணியெல்லாம் முளைத்துவிடும். ஆகவே லாரியை மட்டும் அனுப்பாதே, நீயும் வா. சாக்கு நம் கொட்டகையில் இருக்கிறது. இந்த முறை சேறு அள்ளித்தர யாரும் வேண்டாம், வயலில் இறங்கினால் தானே ஒட்டிக்கொள்ளும்.

இப்படிக்கு,
கூலிக்கு வந்தவள்